ரெண்டே சீட்டு

"எத்தனை பேரு உக்காரலாம்?"

கார் வாங்கிட்டேன்னு ஊருக்குப் போன் பண்ணிச் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி இதுதான். என்ன கலரு, என்ன விலைன்னு ஒண்ணும் கிடையாது. "ரெண்டு பேரும்மா"ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாயிருச்சோன்னு நினைச்சு ஹலோ ஹலோன்னேன். "கேக்குது. காசு பத்தலைன்னா சொல்லியிருக்கலாமில்ல கண்ணு, அப்பாகிட்டக் கேட்டு அனுப்பியிருப்பேன்"னாங்க.

அப்பாகிட்ட போன் போச்சு. "ம்... பாத்து ஓட்டு. இந்தா அம்மாகிட்டப் பேசு." அவ்வளவுதான். நான் அமெரிக்கா வந்ததுலேர்ந்து அப்பா என்கூட போன்ல பேசறது சராசரியா பத்து செகண்டு. ஊர்ல இருந்தப்ப மட்டும் என்ன வாழ்ந்துச்சு? எங்க வீட்ல அப்பாவும் நானும் பேசிக்கணும்னா நடுவுல அம்மா வேணும். "உங்கப்பாகிட்ட சொல்லிடறேன்", "உங்கப்பா சொல்லச் சொன்னாரு." அம்மாதான் எங்களுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சு.

இது கார் பத்தின பதிவுதாங்க. நம்புங்க. :-)

வண்டி 1999 மாடல் மாஸ்டா மியாட்டா. நீலக் கலரு, துணிக் கூரை, கையால போடற கியரு, ரெண்டே சீட்டு. 2022-ல 4,800 டாலருக்கு வாங்கினேன். அப்பவே 1,18,000 மைல் ஓடியிருந்துச்சு. கூட வேலை பாக்கற நண்பர்கள் எல்லாம் சத்தமே வராத பேட்டரி காரா வாங்கிட்டிருக்க, நான் மட்டும் ஏன் இப்படின்னு கேட்டா எங்கிட்ட நல்ல பதில் கிடையாது. நாள் பூரா ஆபீஸ்ல பொட்டி தட்டறேன். நான் எழுதற எதையும் கையால தொட முடியாது. தொடற மாதிரி ஒண்ணு வேணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்.

வித்தவர் ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார். முட்டி வலியாம். வண்டி அவ்வளவு தாழ்வு. ஏறணும்னா உக்காரணும், இறங்கணும்னா எந்திரிக்கணும். பதினெட்டு வருஷத்து ரசீதையும் ஃபைல் போட்டு வச்சிருந்தார். டைமிங் பெல்ட் எப்ப மாத்தினது, துணிக் கூரை எப்ப மாத்தினது, எல்லாம் தேதியோட. பணத்தை வாங்கி சட்டைப்பையில வச்சவர், "தண்ணி வடியற ஓட்டை எங்க இருக்குன்னு காட்டட்டுமா?"ன்னு கேட்டார். சீட்டுக்குப் பின்னாடி, கூரை மடியற இடத்துல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு ஓட்டை. துணிமேல விழற மழைத்தண்ணி அது வழியாத்தான் கீழ போகணும். இலை தழை அடைச்சுக்கிட்டா தண்ணி உள்ள தேங்கி, பின்சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற தகடு உள்ளேர்ந்தே துருப்பிடிச்சுரும். வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும், உள்ள அரிச்சிருக்கும். முட்டி வலியோட அந்த மனுஷன் குனிஞ்சு டார்ச் அடிச்சுக் காட்டினார்.

இந்த வண்டி பொறந்த கதையைச் சுருக்கமா சொல்லிடறேன். இங்கிலாந்துக்காரங்க ஒரு காலத்துல இந்த மாதிரி சின்ன திறந்த கார்களா செஞ்சு தள்ளினாங்க. ஓட்ட அருமையா இருக்கும், ஆனா எண்ணெய் ஒழுகும், வழியில நிக்கும். 1980-ல எம்.ஜி.பி.யும் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயரும் ஒரே வருஷத்துல நின்னு போச்சு. அதுக்கு முந்தின வருஷம் பாப் ஹால்ங்கற அமெரிக்க கார் பத்திரிகையாளர், மாஸ்டாவுல பெரிய பொறுப்புல இருந்த கெனிச்சி யமமோட்டோவைப் பாத்தப்ப, "அந்த மாதிரி ஒரு எளிய வண்டியை நீங்க ஏன் செய்யக்கூடாது?"ன்னு கேட்டிருக்கார். யமமோட்டோ 1984-ல கம்பெனித் தலைவரானார். 1962-ல வந்த லோட்டஸ் எலானை முன்மாதிரியா வச்சு, தொஷிஹிகோ ஹிராய் தலைமையில வேலை நடந்து, 1989 பிப்ரவரியில சிகாகோ கார் கண்காட்சியில வண்டியை நிறுத்தினாங்க. 2016-ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துச்சு. ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்ல உலகத்துலயே அதிகமா வித்தது இதுதான்னு கின்னஸ்லயும் இருக்கு.

அவங்க தாரக மந்திரம் 'ஜின்பா இத்தாய்'. குதிரையும் அதுமேல இருக்கறவனும் ஒரே உடம்புன்னு அர்த்தம். கேக்க நல்லாத்தான் இருக்கு. நிஜத்துல என் குதிரைக்கு சக்தி 140. புள்ளைகுட்டிகளை ஸ்கூல்ல விடறதுக்கு இங்க எல்லாரும் வச்சிருக்கற இப்போதைய டொயோட்டா சியன்னா வேனுக்கு 245. சிக்னல்ல ஒரு வேன் என்னை முந்திக்கிட்டுப் போறப்ப பின்சீட்டுக் குழந்தை டாட்டா காட்டும். ஆனா இதோட எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம்தான் மேல. எஞ்சினை முன் அச்சுக்குப் பின்னால தள்ளி வச்சிருக்கறதால முன்பாரமும் பின்பாரமும் கிட்டத்தட்ட சரிபாதி. வளைவுல திருப்பினா மறுபேச்சு பேசாம திரும்பும். நாப்பது மைல் வேகத்துலயே வாய்விட்டுச் சிரிக்க வைக்கும்.

ரெண்டு வருஷம் நல்லாத்தான் போச்சு. பக்கத்து சீட்ல பெரும்பாலும் என் பேக்தான் உக்காந்து வரும். அதை ஒரு குறையா நினைச்சதே இல்லை.

2024 கோடையில அம்மாவும் அப்பாவும் வந்தாங்க. ஏர்போர்ட்டுக்கு நண்பனோட பெரிய வண்டியை இரவல் வாங்கிட்டுப் போனேன். மறுநாள் காலையில கீழ பார்க்கிங்ல என் வண்டியைக் காட்டினேன். அம்மா ஒரு பார்வை பாத்துட்டு, "மூணு பேரு வீட்டுக்கு ரெண்டு பேரு வண்டி. யாரை விட்டுட்டுப் போறதுன்னு யோசிச்சு வச்சிருக்கியா?"ன்னாங்க. பதில் எதிர்பாக்கலை, மேல போயிட்டாங்க. எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துட்டிருந்த நேரம் வேற. "இதுல குழந்தை பொறந்தா டிக்கியிலயா போடுவே?"ன்னு அடுத்த குண்டு மத்தியானம் விழுந்துச்சு.

அப்பா ஒண்ணும் சொல்லலை. வண்டியை ஒரு சுத்து சுத்தி வந்தார். குனிஞ்சு அடியில பாத்தார்.

"மாஸ்டாவா? நம்ம ஸ்வராஜ் மாஸ்டாக்காரனா?"

ஊர்ல ஸ்கூல் பிள்ளைங்களையும் கல்யாண கோஷ்டியையும் ஏத்திட்டு ஓடின வேன் அது. பஞ்சாப்ல செஞ்சாங்க, 2011-ல பேர்லேர்ந்து மாஸ்டா போய் இசுசு வந்துருச்சு. ஆமாப்பா, அதே ஜப்பான்காரந்தான்னேன்.

"முன்னால எஞ்சினு, நடுவுல ஜாயிண்டு ராடு, பின்னால கிரவுனு. நம்ம லாரி மாதிரியேதான் இருக்குது. குட்டி லாரி." அவர் வாயில இதைவிடப் பெரிய சர்டிபிகேட் வராது.

அப்பா லாரி டிரைவர். நாமக்கல்ல பதினாறு வயசுல கிளீனரா ஏறினவர், முப்பது வருஷத்துக்கு மேல நேஷனல் பெர்மிட் வண்டி ஓட்டினார். ஜவ்வரிசி மூட்டை ஏத்திக்கிட்டு மகாராஷ்டிரா போவார். மாசத்துல நாலு நாள் வீட்ல இருப்பார், அந்த நாலு நாளும் தூங்குவார். அவர் எந்திரிக்கிறதுக்குள்ள நான் ஸ்கூலுக்குப் போயிருப்பேன். என் இஞ்சினீயரிங் காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்த ஸ்டியரிங்லேர்ந்து வந்ததுதான். அவரும் நானும் மட்டுமா ஒரு மணி நேரம் ஒரே இடத்துல இருந்ததா எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த சனிக்கிழமை, "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு அதுல ஏறி எறங்க முடியாது"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. எனக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. நாலு மணி நேரம் அப்பாகிட்ட என்ன பேசறது?

ஃப்ரீமாண்ட்லேர்ந்து கிளம்பி 880-ல கொஞ்ச தூரம் போகணும். ஓக்லாந்து பக்கம் 580-ல பெரிய லாரிகளுக்கு அனுமதி இல்லைங்கறதால துறைமுகத்து லாரியெல்லாம் 880-லதான் ஓடும். கூரையைத் திறந்து வச்சிருந்தோம். பக்கத்து லேன்ல ஒரு பதினெட்டு சக்கர லாரி வந்து சேந்துச்சு. நம்ம வண்டியில உக்காந்தா அதோட சக்கரத்து நட்டு சரியா கண்ணுக்கு நேரா இருக்கும். அப்பா அந்தச் சக்கரத்தையே பாத்துட்டு வந்தார். அப்புறம் அண்ணாந்து டிரைவர் கேபினைப் பாத்தார். லாரி முன்னால போனப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"கீழ இருக்கறவனுக்கு நாங்க இப்படியா தெரிஞ்சோம்?"

என்ன சொல்றதுன்னு தெரியலை. "கொஞ்சம் பயமாத்தான்பா இருக்கும்"னேன். ம்ன்னார்.

டம்பார்ட்டன் பாலம் தாண்டி 84-ஐப் பிடிச்சு மலையேறினோம். ரெட்வுட் மரங்க ரெண்டு பக்கமும் வானத்தை மறைச்சு நிக்கும், திடீர்னு குளிரும். வளைவுக்கு வளைவு கியர் மாத்திக்கிட்டு ஏறினேன். "கொல்லிமலை"ன்னார் அப்பா. எழுபது கொண்டை ஊசி வளைவும் அவருக்கு மனப்பாடம். "ஆனா அங்க ரோடு இத்தனை அகலமில்ல."

மேல ஸ்கைலைன் ரோட்டைக் கடந்து கடல் பக்கம் இறங்க ஆரம்பிச்சதும் குரல் மாறிச்சு.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே எறங்காத சாமி. கியர்ல எறங்கு."

"இது சின்ன வண்டிப்பா, ஒண்ணும் ஆகாது."

"கியர்ல எறங்குன்னேன்."

ரெண்டாவது கியருக்கு மாத்தினேன். எஞ்சின் உறுமிக்கிட்டு வண்டியைப் பிடிச்சு நிறுத்திச்சு. ரெண்டு வளைவு போனப்புறம் அவரே பேச ஆரம்பிச்சார், ரோட்டைப் பாத்துக்கிட்டே. சதாராவுக்கும் புனாவுக்கும் நடுவுல கம்பாட்கி காட். ராத்திரி, முழு லோடு. மிதிச்சு மிதிச்சு டிரம் எல்லாம் சூடேறி, ஒரு கட்டத்துல மிதிக்கிறாராம், பிரேக் பிடிக்கவே இல்லையாம். பெரிய கியர்ல ஓடிட்டிருந்த வண்டியை அலறவிட்டு ஒவ்வொண்ணா கியரைக் குறைச்சு, மலைப்பக்கமா ஒதுக்கி, மண்மேட்டுல உரசி நிறுத்தியிருக்கார். கிளீனர் பையன் கட்டையோட குதிச்சு சக்கரத்துக்கு அடை கொடுத்துட்டு அங்கேயே உக்காந்து அழுதானாம்.

"எப்பப்பா?"

"நீ பொறந்து பதினோரு நாளு. உன்னை நான் இன்னும் பாக்கலை. லோடு எறக்கிட்டு வந்துதான் பாக்கணும்."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொன்னா மறுபடி வண்டியேற விடுவாளா? நீயும் சொல்லாத."

(அம்மாவுக்கு இணையம் பாக்கற பழக்கமில்லைங்கற தைரியத்துலதான் இதை எழுதறேன்.)

சான் கிரகோரியோ கடற்கரையில நிறுத்தி, அம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டோம். திரும்ப வரப்ப நிறைய பேசினார். எந்த ஊர் தாபாவுல ரொட்டி நல்லாருக்கும், எந்த செக்போஸ்ட்ல எவ்வளவு காசு கேப்பாங்க, எல்லாம். நான் கேள்வி கேக்கவே வேண்டியிருக்கலை. ரெண்டே சீட்டு இருக்கற வண்டியில பேச்சைத் தள்ளிவிட மூணாவது ஆள் இல்லைல்ல.

வீட்டுக்கிட்ட வந்து சிக்னல்ல ஒண்ணாவது கியர் போட்டப்ப 'கர்ர்'ன்னுச்சு. ஒரு மாசமாவே அப்பப்ப இருந்ததுதான், நான் கண்டுக்கலை. அப்பா என் கால் பக்கம் எட்டிப் பாத்து, "பெடலு தொங்குது பாரு. கீழ் சிலிண்டர் ஒழுகுது. ஏர் எடுக்கணும்"னார். மறுநாள் வண்டிக்கு அடியில படுத்துப் பாத்தேன். கியர்பாக்ஸ் பக்கவாட்டுல இருக்கற கிளட்ச் சிலிண்டர் எண்ணெயில நனைஞ்சு கிடந்துச்சு. இந்த மாடல்ல அடிக்கடி வர்ற வியாதிதான் அது. ரெண்டு போல்ட்டு, ஒரு ஹோஸு, அம்பது டாலருக்குள்ள பார்ட்டு. அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ரிப்பேர் பண்ணக்கூடாதுன்னு சட்டம், அதனால நண்பன் வீட்டு வாசல்ல வச்சு மாத்தினோம்.

சிலிண்டர் மாத்தறதைத் தனியா செஞ்சுரலாம். குழாயிலேர்ந்து காத்தை வெளியேத்தறதுக்குத்தான் ரெண்டு ஆள் இருந்தா நல்லது. ஒருத்தர் மேல பெடலை அமுக்கிப் பிடிக்கணும், ஒருத்தர் கீழ நட்டைத் திறந்து காத்தை விட்டுட்டு மூடணும், அப்புறம்தான் மேல இருக்கறவர் காலை எடுக்கணும். மாறிப்போனா மறுபடி காத்து ஏறிரும். நான் போய் டிரைவர் சீட்ல உக்காந்தேன். அறுபது தாண்டின மனுஷன் அடியில படுத்துக்கிட்டார். நான் படுக்கறேன்னு எவ்வளவோ சொன்னேன், கேக்கலை.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்பா."

"பிடி... விடு. அமுக்கு."

இருபது தடவையாவது இருக்கும். கடைசியில பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு. அடியிலேர்ந்து வெளிய வந்த முகத்துல பிரேக் ஆயில். இத்தனை சந்தோஷமா அவரை நான் பாத்ததில்லை. அம்மா நண்பன் வீட்டுத் திண்ணையில உக்காந்து எல்லாத்தையும் பாத்துட்டிருந்தாங்க. ஒரு வார்த்தை பேசலை.

அன்னிக்கு சாயந்திரம், "கடைக்குப் போகணும், கறிவேப்பிலை இல்லை, என்னைக் கூட்டிட்டுப் போ"ன்னாங்க. நண்பன் வண்டியைக் கேக்கறேன்னேன். "ஏன், உன் வண்டிக்கு என்ன? இப்பத்தானே அப்பனும் மகனும் சரி பண்ணினீங்க?"

சேலையைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு ஏறி உக்காந்தாங்க. கூரையை மூடித்தான் வச்சிருந்தேன். ரெண்டு தெரு தாண்டினதும், "அது தெறக்கும்னியே?"ன்னாங்க. அடுத்த சிக்னல்ல ரெண்டு கொக்கியை விடுவிச்சு ஒரு கையால பின்னாடி தள்ளிவிட்டேன். தலைமுடி பறந்துச்சு. முந்தானையை எடுத்து தலையில சுத்திக்கிட்டாங்க. கறிவேப்பிலைக் கடை தாண்டியும் நான் ஓட்டிட்டே இருந்தேன், அவங்க ஏன்னு கேக்கலை.

"முப்பது வருசம் உங்கப்பா பக்கத்து சீட்ல உக்காந்து ஊரெல்லாம் பாத்தது கிளீனரு. நான் ஒரு தடவை கூட இல்ல. ஓனரு திட்டுவாருன்னு சொல்லிட்டாரு. அப்புறம் நானும் கேக்கலை." சும்மா விலைவாசி பத்திச் சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. அப்பாவைப் பத்தி எங்கிட்டப் புகார் சொல்ற ஆளே இல்லை அவங்க. இத்தனை வருஷமா எக்ஸ்சேஞ்சா இருந்தவங்களோட சொந்தப் பேச்சை யாரும் கேட்டதில்லைன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

ஞாயித்துக்கிழமை. எங்க அபார்ட்மெண்ட்டுக்குப் பின்னாடி நடந்து போற தூரத்துல ஒரு ஆபீஸ் வளாகம், லீவு நாள்ல பார்க்கிங் காலியா கிடக்கும். வண்டியை அங்க நிறுத்திட்டு ரெண்டு பேரையும் வரச் சொன்னேன். சாவியை அப்பாகிட்ட நீட்டினேன். வேண்டாம்னு தலையாட்டினார், கை மட்டும் வாங்கிக்கிச்சு. அம்மாவைப் பக்கத்துல உக்கார வச்சு கதவைச் சாத்தினேன்.

முதல்ல ரெண்டு தடவை கியர் போடறதுக்கு இடது கையை வீசி கதவுல இடிச்சுக்கிட்டார். நம்ம ஊர்லேர்ந்து வர்ற எல்லாருக்கும் ஆகறதுதான். "கியரு இந்தப் பக்கமுங்க"ன்னு அம்மா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. வண்டி ஒரு குலுக்கல் இல்லாம நகர்ந்துச்சு. நான் ஒரு நாளும் அப்படி எடுத்ததில்லை. காலியா கிடந்த கோடுகளுக்கு நடுவுல, இருபது மைல் வேகம்கூட இருக்காது, சுத்தி சுத்தி வந்தாங்க. நான் ஒரு மரத்தடியில நின்னுட்டிருந்தேன். ஒரு சுத்து வரப்ப அம்மா சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. அடுத்த சுத்துல ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிட்டு இருந்தாங்க. என்னைத் தாண்டிப் போனதை ரெண்டு பேருமே கவனிக்கலை.

ஆகஸ்ட்ல ஊருக்குத் திரும்பிட்டாங்க. கல்யாணம் ஆச்சுன்னா பெரிய வண்டி வாங்கித்தான் ஆகணும், அது எனக்கும் தெரியும். இதை வித்துருவேனான்னு இன்னும் முடிவு பண்ணலை. ஆனா யாருக்கு வித்தாலும் தண்ணி வடியற ஓட்டையைக் காட்டிட்டுத்தான் விப்பேன்.

இப்ப ஞாயித்துக்கிழமை போன் பண்ணினா அப்பாதான் முதல்ல எடுக்கறார். "கிளட்சு எப்படியிருக்குது?"ம்பார். நல்லாருக்குப்பாம்பேன். "பெடலு?" கல்லு மாதிரி நிக்குதுப்பா. "ஆயில் எறங்குதான்னு பாத்தியா?" பாத்தேன்ப்பா. அப்புறம் வேற எதையாவது பேசுவார், கால்மணி நேரம்கூட ஆகும். பின்னாடியிலேர்ந்து அம்மா குரல் கேக்கும்: "போதும், போனை எங்கிட்டக் குடுங்க."

டிஸ்கி: பழைய மியாட்டா வாங்கப் போறவங்க பின்சக்கரத்துக்கு முன்னாடி இருக்கற தகட்டை விரலால தட்டிப் பாருங்க, கம்பளத்துக்கு அடியில ஈரம் இருக்கான்னு பாருங்க, டைமிங் பெல்ட் ரசீதைக் கேளுங்க. கிளட்சுக்கு மட்டும் கூட ஒரு ஆளைக் கூப்பிட்டுக்கங்க.